விளக்குமுனையில் எல்லோருக்கும் கேட்டது

காசித்துரை செத்த மறுநாள் காலை ஆறேகால் மணிக்கு, விளக்குமுனையில் குடியிருந்த நாலாயிரத்துச் சொச்சம் பேருடைய வலது காதிலும், யாரோ தோளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து பேசுவதுபோல, ரெஜினின் குரல் பாலாடை இல்லாமல் ஒரு டீ கேட்டது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், கோலத்துக்குக் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், கரையிலிருந்து மூன்று கல் தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் படகின் மறுபக்கத்தை எட்டிப் பார்த்தார்கள். எங்கேயும் ரெஜின் இல்லை. அவன் அப்போது கடற்கரையை ஒட்டிய லாட்ஜின் இரண்டாம் மாடியில் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கதவுக்கு வெளியே நின்ற தன் ஆளிடம் பேசிக்கொண்டிருந்தான். அந்த ஆளுக்கு அது இரண்டு தரம் கேட்டதாம், ஒரு தரம் கதவு வழியாக, ஒரு தரம் காதுக்குள்.

ஊர்க்காரர்கள் சண்டைக்குப் போன இடம் ஞானதிரவியத்தின் மைக் செட் கடை. கோயில் கொடையென்றாலும் சர்ச் திருவிழாவென்றாலும் சாவென்றாலும் எங்கள் ஊரில் ஸ்பீக்கர் குழாய் கட்டுகிறவர் அவர்தான். ஊருக்கே சத்தம் கொடுத்தாலும், பேசும்போது பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடச் சரியாகக் கேட்காத மனிதர். பெட்டியை அணைக்காமல் விட்டுவிட்டாரென்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேச, அவர் ஒவ்வொரு பெட்டியின் வயரையும் பிடுங்கிக் காட்டினார், பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்தார், கடைசியில் கடையின் மெயினையே அணைத்தார். அந்த நிசப்தத்தில் ரெஜினின் குரல், சீனி கம்மியாகத்தானே போடச் சொன்னேன் என்று எரிச்சலோடு கேட்டது. அத்தனை பேரும் அணைந்து கிடந்த பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றோம். நானும் நின்றேன். மைக் செட் கடைக்கு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடை என்னுடையது.

ரெஜினுக்கு அப்போது இருபது வயது. கடற்கரைக்கு வரும் வெளியூர்க்காரர்களைக் குதிரையில் ஏற்றிக் கயிற்றைப் பிடித்து நடக்கிற வேலைக்குக் காசித்துரையிடம் சேர்ந்தவன். கடற்கரையில் எந்தக் கடை எங்கே நிற்கலாம், எந்த வண்டி எங்கே நிறுத்தலாம் என்று தீர்மானிக்கிறவர் காசித்துரை. அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்படாதவர்களிடம் அவர் அனுப்புகிற ஆள் ரெஜின். பலூன் சுடும் கடைக்காரரின் இரண்டு விரல்களை அவருடைய துப்பாக்கிக் கட்டையாலேயே உடைத்தான். உள்ளே ஆள் தூங்குகிறாரென்று தெரிந்தே ஒரு சங்குக் கடையைக் கொளுத்தினான். வெள்ளைச் சட்டை தவிர வேறு போடமாட்டான், அதில் ஒரு மடிப்பு இருந்தாலும் கழற்றி எறிவான். நாற்பது வயது ஆட்கள் அவனை அண்ணன் என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் ஒரு குதிரையை அவன் அடித்த அடியைப் பார்த்து வெளியூர்க் குழந்தை ஒன்று அழுதுவிட, காசித்துரை அந்தக் குடும்பத்தின் எதிரிலேயே அவனைக் கன்னத்தில் அறைந்தார். ரெஜின் பதினோரு நாள் பொறுத்திருந்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, கலங்கரை விளக்கத்தின் மதிலுக்குப் பின்னால் அவரைக் கத்தியால் குத்திப் பாறைகளுக்கு நடுவே உருட்டிவிட்டான். பாறையில் வழுக்கி விழுந்ததாக ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். எழுதிய ஏட்டு சிவனணைஞ்சபெருமாள் விளக்குமுனைக்காரர்தான். மறுநாள் காலை டீ கேட்ட குரல் அவர் காதிலும் விழுந்தது, அதோடு கூடவே வந்த சிரிப்பும், காசித்துரை கடைசியாகப் போட்ட சத்தத்தை அவன் நடித்துக் காட்டியதும் விழுந்தன.

முதல் வாரம் பயந்தோம். இரண்டாவது வாரம் காது டாக்டரிடம் போனோம். அவரும் உள்ளூரில் குடியிருப்பவர் என்பதால் எதையும் விசாரிக்காமல் எல்லோருக்கும் ஒரே சொட்டு மருந்தை எழுதிக்கொடுத்துவிட்டுத் தானும் விட்டுக்கொண்டார். சர்ச்சில் ஜெபம் நடந்தது, அம்மன் கோயிலில் மஞ்சள் நீர் ஊற்றினார்கள், இரண்டுக்கும் நடுவில் அவன் யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தான். வெளியூர்க்காரர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து, மின்சாரம் போய்ப் போய் வருகிற ஊரில் இருட்டுக்குப் பழகுவதுபோல அந்தக் குரலுக்குப் பழகினோம், அவன் எழுந்து கொட்டாவி விட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை எழுப்பினோம், அவன் சாப்பாட்டில் உப்பில்லையென்று கத்தினால் மணி ஒன்றரை என்று தெரிந்துகொண்டோம், வாத்தியார்கள் அவன் பேசும்போது பாடத்தை நிறுத்திவிட்டு அவன் முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள், ஒரு கல்யாணத்தில் சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் அவன் சொன்ன வார்த்தைக்கு மணப்பெண் தலையைக் குனிந்துகொள்ள, வெட்கத்தில் குனிந்ததாக மாப்பிள்ளை வீட்டு வெளியூர்ச் சொந்தங்கள் சந்தோஷப்பட்டார்கள். ஊர்ப் பஞ்சாயத்துக் கேட்டுக்கொண்டதற்காக ஞானதிரவியம் பகல் முழுவதும் தெருவுக்குத் தெரு பாட்டுப் போட்டார். பாட்டுக்கு மேலே குரல் கேட்டது. ஐந்தாம் நாள் பாட்டை நிறுத்திவிட்டார்.

அவன் தனியாக இருக்கும்போது பேசுவதும் கேட்டது. கண்ணாடி முன்னால் நின்று ஒரே மிரட்டலை நாலைந்து குரலில் சொல்லிப்பார்த்து, அதில் எது தடித்த குரல் என்று தேர்ந்தெடுப்பான். சுவரில் பல்லி வந்தால் உயிர்போகிற மாதிரி கத்துவான். சில மத்தியானங்களில் தூக்கத்தில் அம்மாவைக் கூப்பிடுவான். இதையெல்லாம் கேட்டுவிட்டு, சாயங்காலம் அவன் கடைத்தெருவில் நடந்துவரும்போது எதையும் கேட்காத முகத்தோடு எழுந்து நிற்க வேண்டும். அந்த முகத்தை வைத்துக்கொள்ள எங்கள் ஊர் நன்றாகக் கற்றுக்கொண்டது.

உண்மையைச் சொன்னால், கொஞ்ச காலம் அதை நல்லதென்றுகூட நினைத்தோம். வேறொரு சங்குக் கடை வைத்திருந்த அகஸ்டினை மறுநாள் வெட்ட வேண்டுமென்று அவன் ஒரு சாயங்காலம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த வாக்கியம் முடிவதற்குள் அகஸ்டின் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார். கோயம்புத்தூர் போன பிறகும் மெலிதாகக் கேட்கிறதென்று பிறகு கடிதம் எழுதினார். இப்படி மூன்று வீட்டுக்காரர்கள் தப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய ரெஜின், தன் ஆட்களில் எவனோ ஒருவன் காட்டிக்கொடுக்கிறான் என்று முடிவுகட்டினான். அவர்களில் ஒருவன் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அண்ணன் பேசுவது ஊர் முழுக்கக் கேட்கிறதென்று உள்ளதைச் சொன்னான். தன்னைக் கேலி செய்கிறானென்று நினைத்த ரெஜின் அவன் தாடையை உடைத்தான். எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்கவில்லை, அவன் குரல் மட்டும்தான் எங்களுக்குக் கேட்கும். இன்னொரு தரம் சொல்லுலே, இன்னொரு தரம் சொல்லுலே என்று அவன் மூச்சு வாங்கிக்கொண்டே அதட்டியது கேட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை.

யாரையும் நம்பாததால் அவன் பேச்சு குறைந்தது. அதுதான் எங்களை அதிகம் கலக்கியது. குரல் வந்துகொண்டிருக்கும்வரை அவன் எங்கே இருக்கிறான், யார்மேல் கோபத்தில் இருக்கிறான் என்று தெரியும். அரைமணி நேரம் சேர்ந்தாற்போல அமைதியாக இருந்தால் தெருவில் ஆட்கள் குறைந்துவிடுவார்கள், அம்மாக்கள் பிள்ளைகளை எண்ணிப்பார்ப்பார்கள், எங்கேயோ அவன் இருமினால்தான் ஊர் மூச்சு விடும்.

ஊரில் அந்தக் குரல் கேட்காத ஒரே ஆள் லீதியாள். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காதும் போய்விட்டது, பேச்சும் வரவில்லை. இருபத்தாறு வயது. அம்மா அப்பா இல்லை. கலங்கரை விளக்கத்துக்கு எதிரில் புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்தாள். ரெஜினின் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் அவளிடம்தான் வரும். சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஞானதிரவியத்தின் கடைக்கு வந்து, பாடுகிற ஸ்பீக்கர் பெட்டிமேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பாள். அப்படி நின்றவளிடம் பேச அவர் கையால் ஒரு பாஷையை உண்டாக்கினார். சட்டைக் காலரைத் தொட்டால் ரெஜின், மீசையை முறுக்கினால் காசித்துரை, இடது முழங்கையைத் தட்டினால் ஏட்டு. ஊரில் அந்தப் பாஷை தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

காசித்துரை குத்துப்பட்டதை மதிலின் இடிந்த இடைவெளி வழியாக லீதியாள் பார்த்திருந்தாள். அவள் பார்த்தது ரெஜினுக்கும் தெரியும். காதும் கேட்காது, வாயும் பேசாது, இவள் எங்கே போய்ச் சொல்லப்போகிறாள் என்று விட்டுவைத்திருந்தான். அதையும் அவன் வாயாலேயே கேட்டிருந்தோம்.

ஐப்பசி மாதம் புதிதாக ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். மாவட்டத் தலைநகரிலிருந்து காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிடுகிறவர், எங்களுக்குக் கேட்பது அவருக்குக் கேட்காது. பழைய ஃபைலைப் படித்துவிட்டுப் பாறையைப் போய்ப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், மதிலுக்கு எதிரே நிற்கும் இஸ்திரி வண்டியைப் பார்த்தார். ஒரு புதன்கிழமை, காதுகேளாதோர் பள்ளி ஆசிரியை ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, பொதுச் சைகையாலும் படம் வரைந்தும் லீதியாளிடம் விசாரித்தார். வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்கு வந்து மாஜிஸ்ட்ரேட் முன்னால் சொல்கிறேன் என்று அவள் சம்மதித்தாள். அதை ஆசிரியை வாயால் சொன்னது எதிரில் உட்கார்ந்திருந்த ரெஜினின் ஆட்களுக்கும் கேட்டது.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் மாவு மில்லிலும் நின்றிருந்த எங்கள் எல்லோர் காதிலும் ரெஜின் நிதானமாகப் பேசினான்.

"நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அந்த இஸ்திரிக்காரியச் சட்டைய எடுத்துட்டு லாட்ஜ் மொட்டை மாடிக்கு வரச் சொல்லு. துணி காயப்போட வந்தா, கால் தவறி விழுந்துட்டா. அவ்வளவுதான்."

டீக்கடையில் யாரும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. எல்லோரும் ஊதி ஊதிக் குடித்தார்கள். இதற்கு முன் அவன் பெயர் சொன்ன ஆட்களெல்லாம் தாங்களே கேட்டுத் தாங்களே ஓடிப்போனார்கள், யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இப்போது ஒருவர் போய்ச் சொல்ல வேண்டும். அதையும் மெதுவாகக் காதோடு சொல்ல முடியாது, புங்கமரத்தடியில், பட்டப்பகலில், எதிரில் உட்கார்ந்திருக்கும் ரெஜினின் ஆட்கள் பார்க்கக் கையை ஆட்டித்தான் சொல்ல வேண்டும். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைத்தேன். எனக்குப் பக்கத்தில் நின்றவரும் அப்படித்தான் நினைத்தாராம்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு லீதியாள் வழக்கம்போலக் கரியை ஊதிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் வண்டிக்கு வந்த கூட்டம் எந்தப் பண்டிகைக்கும் வந்ததில்லை. இஸ்திரி போட வேண்டாத துணிகளையெல்லாம் கொண்டு வந்தோம். மீன்காரப் பெண்கள் நல்ல வஞ்சிரமாகப் பார்த்து இரண்டு துண்டு வாழை இலையில் வைத்துக் கொடுத்தார்கள், பூக்கடையிலிருந்து மல்லிகைப் பந்து வந்தது, டாக்டர் வீட்டிலிருந்து முறுக்கு வந்தது, ஏட்டு ஒரு குடை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். நான் ஒரு சீப்பு ரஸ்தாளிப் பழம் கொண்டுபோனேன். அவள் எல்லாவற்றையும் வண்டிக்கு அடியில் வரிசையாக வைத்துவிட்டு, இன்றைக்கு என்ன விசேஷம் என்று புருவத்தை உயர்த்திக் கேட்டாள். நான் சிரித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். முதுகில் அவள் பார்வை இருந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

பதினொரு மணிக்கு ஞானதிரவியம் கடையின் உள்ளறையில் சட்டையைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாராம். அவர் மனைவி ரத்தினபாய் வாசலை மறித்து நின்றாள். இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றாள், ஊரில் இத்தனை ஆம்பிளைகள் இருக்க நீங்கள் ஏன் என்றாள், பிறகு அழுதாள். கடைசியில் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்.

"எல்லாரும் நம்ம வாசலத்தான் பாத்துட்டு நிக்காவ. அவளுக்குச் சொல்லத் தெரிஞ்சது நீங்க ஒரு ஆளுதான?"

"அதான் சட்டை ஏற மாட்டேங்கு," என்றார் ஞானதிரவியம்.

அவள் வழியை விட்டு விலகினாள்.

மைக் செட் வேனை எடுத்துக்கொண்டு போய், அதே தெருவின் கோடியில் இருந்த புங்கமரத்தடியில் நிறுத்தினார். லீதியாளை அதில் ஏற்றி இன்ஸ்பெக்டர் இருக்கும் ஊருக்குக் கொண்டுபோய்விடுவது அவர் யோசனை. எதிரில் இரண்டு ஆட்கள் பைக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. காலரைத் தொட்டார், லாட்ஜைக் காட்டினார், இரண்டு கைகளாலும் தள்ளுவதுபோலக் காட்டி, ஒரு விரலைச் செங்குத்தாகக் கீழே இறக்கினார். பிறகு அவளை நோக்கிக் கையை நீட்டினார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

லீதியாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அவர் காதைத் தொட்டு, அந்தக் குரலைப் பற்றிச் சொன்னார், நாலு மாதமாகக் கேட்கிறதென்றார், நேற்று சாயங்காலம் இதைக் கேட்டதென்றார். ஆச்சரியப்படவில்லை அவள். அவளுக்கு எல்லோருடைய காதும் ஒரே மாதிரிதான், அதில் எது நடக்கும் எது நடக்காதென்று அவள் ஏன் கணக்குவைக்கப் போகிறாள். அவள் கேட்டது வேறு. கையை விரித்துத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு வீச்சு வீசினாள். எல்லோருக்குமா?

ஞானதிரவியம் தலையை ஆட்டினார்.

நேற்றேவா?

அதற்கும் ஆட்டினார்.

அவள் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். மீன், மல்லிகை, முறுக்கு, குடை, வாழைப்பழம். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அதைக் கொடுத்தவரைத் தெருவில் தேடி, கண்டுபிடித்து, பார்த்தாள். என்னைப் பார்க்கும்போது நான் கடை ஷட்டரின் பூட்டைச் சரிசெய்வதுபோலக் குனிந்தேன்.

வேனில் ஏற மறுத்துவிட்டாள். ஸ்டூலை இழுத்துத் தெரு நடுவில் போட்டு உட்கார்ந்தாள். நான் சொல்கிறேன், நீ சத்தமாகச் சொல் என்று ஞானதிரவியத்தைக் கேட்டுக்கொண்டாள். அவர் தன் குரலை நம்பாமல் வேனிலிருந்து மைக்கை எடுத்தார். மீசையை முறுக்கினாள். மதிலைக் காட்டினாள். காலரைத் தொட்டாள். வயிற்றில் கையால் மூன்று தரம் குத்திக்கொண்டாள். மைக் அவர் பல்லில் இடிக்க, குழாய் வழியாக ஊர் முழுக்கச் சொன்னார்.

"லீதியாள் சொல்லுதா, நான் சொல்லுதேன். ஆனி மாசம் செவ்வாக்கிழமை பதினோரு மணிக்கு, விளக்கு மதிலுக்குப் பின்னால, காசித்துரைய ரெஜின் மூணு தரம் குத்தினான். நான் பாத்தேன்."

லாட்ஜிலிருந்து அவன் இறங்கி வருவது எங்கள் காதுக்குள் மூச்சாகவே கேட்டது. வெள்ளைச் சட்டையில் வந்தான். கை இடுப்பில் செருகிய கத்தியில் இருந்தது. அவன் ஆட்கள் இரண்டு பேரும் பைக்கை விட்டு இறங்கி, ஆனால் அவனுக்குப் பின்னால் வராமல், அங்கேயே நின்றார்கள். ஞானதிரவியம் லாட்ஜைக் காட்டித் தள்ளிக் காட்டியதை மாடியிலிருந்தே பார்த்திருந்தவன், லீதியாளுக்கு நாலடி தூரத்தில் வந்து நின்று, மொட்டை மாடி விஷயத்தை இவளிடம் எவன் சொன்னது என்று கேட்டான்.

பிறகு ஏட்டு சிவனணைஞ்சபெருமாள், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார்.

"நீதான் சொன்ன. துணி காயப்போட வந்தா, கால் தவறி விழுந்துட்டா, அவ்வளவுதான்னு சொன்ன."

ரெஜின் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் டீக்கடைக்காரர், காசித்துரை செத்த மறுநாள் காலை அவன் கேட்ட டீயைப் பற்றியும், டீயோடு அவன் போட்டுக் காட்டிய சத்தத்தைப் பற்றியும் சொன்னார். பலூன்காரர் பல்லியைப் பற்றிச் சொன்னார். மீன்காரப் பெண் ஒருத்தி, அவன் கண்ணாடி முன்னால் சொல்லிப்பார்க்கிற மிரட்டலை அவனுடைய நாலு குரலிலும் சொல்லிக்காட்டினாள். யாரும் கத்தவில்லை, யாரும் சிரிக்கவுமில்லை, நாலு மாதமாக வைத்திருந்ததை ஒவ்வொருவராக எடுத்துக் கொடுத்தார்கள். கடைசியாக ரத்தினபாய்தான், மத்தியானத் தூக்கத்தில் அவன் அம்மாவைக் கூப்பிடுவதைச் சொன்னாள்; சொல்லும்போது அவள் குரல் இறங்கிப்போயிருந்தது.

அவன் வாயைத் திறந்தான். ஏதோ சொல்ல வந்தது எங்கள் காதில் அரை எழுத்தாக விழுந்தது. உடனே, அது எங்கள் முகத்தில் தெரிவதைப் பார்த்துவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டான். அப்போதுதான் அவன் எவ்வளவு சின்னப் பையன் என்று பார்த்தோம். கத்தியை ஏட்டு எடுத்தபோது அவன் தடுக்கவில்லை.

மறுநாள் லீதியாள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் கையால் சொன்னதை ஆசிரியை வாயால் சொன்னார், எழுதிக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் எங்களை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை, காதுக்குள் கேட்டதை எந்தக் காகிதத்தில் எழுதுவது. ஒன்றரை வருடத்தில் ஆயுள் தண்டனை தீர்ப்பானது.

ஆனால் அதற்கு முன்பே, கோர்ட்டிலிருந்து திரும்பிய அந்த வெள்ளிக்கிழமையே, அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வீடாக வந்தாள். கொடுத்த துணியை இஸ்திரி போடாமல் அப்படியே திருப்பித் தந்தாள், கொடுத்த பண்டத்தையும் தந்தாள். மீன் கெட்டுப்போய் நாறிக்கொண்டிருந்தது, அதையும் இலையோடு தந்தாள். வாங்கிக்கொள்கிறவர் நிமிர்ந்து தன் கண்ணைப் பார்க்கும்வரை வாசலை விட்டு நகரவில்லை. சில வீடுகளில் அதற்கு வெகுநேரம் ஆனது. என் கடையில் எவ்வளவு நேரம் ஆனதென்று நான் சொல்லமாட்டேன். மன்னிப்புக் கேட்கலாமென்றால் எங்கள் கைக்கு அந்தப் பாஷை தெரியாது. பொங்கலுக்குப் பிறகு மறுபடியும் வண்டி போட்டாள். யார் துணியையும் வேண்டாமென்று சொல்லவில்லை.

ரெஜின் சிறையில் வெகுநாள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எங்களுக்கு மூச்சு மட்டும் கேட்கும். ஊர் வழக்கம்போல அதற்கும் பழகிவிட்டது. போன வருடம் கோடையில்தான், ஒரு மத்தியானம், யாரிடமும் சொல்லாத மாதிரி மெதுவாக, கேக்குதா என்று ஆரம்பித்தான். அன்றிலிருந்து தினமும் இரண்டு மணிவாக்கில் கேட்கிறான். வெளக்குமுனைக்காரங்களா, கேக்குதா, யாராச்சும் இருக்கியளா. அந்த நேரத்தில் தெருவில் நிற்கிற நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் வேலையைப் பார்ப்போம்.

இதை ஞானதிரவியம் ஒருநாள் லீதியாளிடம் கையால் சொல்லிக்கொண்டிருந்தபோது நானும் அங்கே நின்றிருந்தேன், அவள் கை சொன்னதை அவர் எனக்கு வாயால் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் இஸ்திரியை நிறுத்திவிட்டு, நீங்கள் யாராவது பதில் சொல்கிறீர்களா என்று கேட்டாள். நாங்கள் பேசினால் அவனுக்குக் கேட்காதே என்றார் அவர்.

அவள், சொல்லிப்பார்த்தீர்களா என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். மணி அப்போது இரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது.